ஓர் அன்னை கத்தரித்த காகிதங்கள்



குழந்தை இலக்கியத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், லண்டன் மாநகரில் 1744-ஆம் ஆண்டு ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டு, சிறுவர்க்கு ஒரு பந்தையும் சிறுமியர்க்கு ஓர் ஊசிமெத்தையையும் அதனோடு சேர்த்து விற்ற ஜான் நியூபெரி என்னும் பிரசுரகர்த்தரிடமிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அவருடைய கீர்த்தியைக் குறைக்க நான் வரவில்லை. கைப்பிடியுள்ள பலகையில் ஒரே தாளை ஒட்டி, அதன்மேல் மெல்லிய கொம்புத் தகட்டை மூடி, நெடுங்காலம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி பயிற்றிய தேசத்தில், படிப்பிலே குதூகலத்துக்கும் இடமுண்டு என்பதை வியாபாரத்தின் வாயிலாகவே நிலைநாட்டியவர் அவர். ஆயினும் என் முதல் வணக்கம் வேறொருவருக்கு உரியது.

பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த ஓல்னி என்ற ஊரில் பாதிரியார் ஒருவரின் மனைவியாக வாழ்ந்த ஜேன் ஜான்சன் அம்மையார், தம் மக்களுக்கு வீட்டிலேயே எழுத்தறிவிக்கும் பொருட்டு, அச்சுப் படத்தாள்களிலிருந்து உருவங்களைக் கத்தரித்தெடுத்து, அவற்றைச் சிறு சிறு அட்டைகளில் ஒட்டி, எழுத்தும் அசையும் சொல்லும் செய்யுளுமாகத் தம் கைப்படவே எழுதி, நானூறுக்கும் மேற்பட்ட துண்டுகளை உருவாக்கினார். அட்டைகள் குழந்தையின் உள்ளங்கைக்கு அடங்குபவை. நியூபெரியின் புத்தகம் வெளிவந்த அதே 1744-இல், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கென்றே ஒரு கதையையும் இவ்வம்மையார் எழுதினார். விற்பனை அவர் நோக்கமன்று. எதிரே அமர்ந்த குழந்தையே நோக்கம்.

எழுத்துக்கள் ஒட்டிய பகடைகளை உருட்டி விளையாடியே குழந்தைகள் படிக்கலாம் என்று ஜான் லாக் என்ற தத்துவஞானி 1693-லேயே எழுதியிருந்தார். எனினும், இத்தகைய உபாயங்களுக்கு உயிர் கொடுத்தவர்கள், வீட்டு வேலைகளுக்கிடையே கத்தரிக்கோலும் பசையும் எடுத்து உட்கார்ந்த தாய்மார்களே என்பது என் உறுதியான அபிப்பிராயம். அம்மையாரின் மகள் பார்பரா, 1746-இல் தொடங்கி ஏறக்குறைய ஆயுள் முழுவதும், தம் ஆடைகளின் துணித்துண்டுகளை ஒட்டி விலையும் குறித்து வைத்த ஏடு, இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கிறது. அன்னையின் அட்டைகளோ, கடல் கடந்து, அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் சிரத்தையோடு பாதுகாக்கப்படுகின்றன.

நூல்நிலைய விழாவில் கூடியிருக்கும் தாய்மார்களே, தந்தையரே! நல்ல புத்தகங்களைத் தாராளமாக வாங்குங்கள். அத்துடன், உங்கள் குழந்தையின் பெயரையும், அது அன்றாடம் காணும் பால்காரர், பூக்காரி, தெருக்கோடி வேப்பமரம் ஆகியவற்றின் பெயர்களையும் ஓர் அட்டையில் உங்கள் கையாலேயே எழுதி, இன்றிரவு அதன் கையில் கொடுங்கள்.