தரைக்கு ஆசிட் வேண்டாம்



வீடு கட்டியவர்களும் பழைய வீட்டைப் புதுப்பித்தவர்களும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். கொத்தனார் கணக்கு முடித்துப் போயாச்சு, பெயிண்டரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியாச்சு. வீடெங்கும் சிமெண்டுத் தூசி, தரையெங்கும் சாந்துத் திட்டு. பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "ரெண்டு கேன் ஆசிட் வாங்கி ஊத்தித் தேய்ங்க, பளிச்சுன்னு ஆயிடும்." அந்த யோசனையைக் கேட்காதீர்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். காரைக்குடிப் பக்கம் வேலை முடிந்த வீடுகளைச் சுத்தம் செய்து கொடுப்பதும், தரைக்கு மெருகேற்றுவதும் என் தொழில்.

ஆசிடுக்கு முன்னால் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை முடிந்த வீட்டில் எடுத்த எடுப்பில் வாளித் தண்ணீரை ஊற்றக் கூடாது. அங்கே கிடப்பது வெறும் மண் இல்லை. தண்ணீர் படாத சிமெண்டும் அதில் கலந்திருக்கிறது. நனைந்ததும் அது டைல்ஸ் இடுக்கிலும் ஸ்கர்ட்டிங் ஓரத்திலும் போய் இறுகிவிடும். அதனால் முதல் சுற்று உலர்ந்த சுத்தம். ஃபேன் இறக்கை, பரண், கதவு நிலையின் மேல் விளிம்பு, ஜன்னல் கம்பி என்று மேலிருந்து இறங்கி, தரைக்குக் கடைசியாக வர வேண்டும். வாக்குவம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மரக்கடையில் மரத்தூள் வாங்கி, லேசாக ஈரம் காட்டி, தரையில் தூவிப் பெருக்குங்கள். தூசி பறக்காமல் மரத்தூளோடு ஒட்டிக்கொண்டு வரும்.

தூசி பறக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. டைல்ஸும் கிரானைட்டும் அறுத்த தூளில் சிலிக்கா உண்டு. அதன் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997ஆம் ஆண்டிலேயே இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். பழைய பெயிண்டைச் சுரண்டிய வீடென்றால் இன்னும் கவனம். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் கிடக்கும் அறையில் குழந்தைகளை விடவே கூடாது.

இனி என் மனசுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கரைசலைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த பொடி, அதற்கும் மேல் சாந்து. பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளையில் சுடும் வேலையே கிடையாது. அடியில் இருந்த அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்துக்கு வருகிறது. காலம் முழுக்கக் கால் பட்டுப் பட்டு அந்த முகம் இன்னும் மெருகேறும்.

இந்தக் கல்லே சிமெண்டு என்பதைக் கவனியுங்கள். மேலே சிந்திய சாந்தை ஆசிட் கரைக்கிறதென்றால், கீழே இருக்கும் கல்லையும் கரைக்கும். எது அழுக்கு, எது தரை என்று ஆசிடுக்குத் தெரியாது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. பின்கட்டில் புதிதாகக் குளியலறை கட்டியவர்கள், வெயிலுக்குப் பயந்து, வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையிலேயே சாந்து குழைத்துவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு பையன் ஆசிட் கேனைத் திறந்துகொண்டிருந்தான். "நிறுத்துப்பா"ன்னு ஓடிப் போய்க் கேனை மூடினேன். அந்த வீட்டு ஆச்சி, "ஏந்தம்பி, அப்ப இது இப்படியேதான் கெடக்குமா?" என்று கேட்டார். "எடுத்துரலாம் ஆச்சி, கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான்" என்றேன்.

பெரிய திட்டுகளுக்கு மர ஆப்பைப் பக்கவாட்டில் வைத்து மெல்லத் தட்டினோம். உளியை வைத்தால் கல் முனை உடைந்துபோகும். மெல்லிய படலத்தின் மேல் ஈரத்துணி போட்டு ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, மிச்சத்தை நைசான வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தோம். துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு, துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு பூச்சு. பச்சையும் காவியும் மஞ்சளும் மேலெழுந்து வந்ததைப் பார்த்த ஆச்சி, கட்டம் கட்டமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அந்தத் தரையில்தான் அவருடைய கல்யாணம் நடந்ததாம்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு மட்டும் இல்லை. மார்பிள், கடப்பா, கோட்டா, மொசைக், ரெட் ஆக்சைடு எல்லாவற்றையும் ஆசிட் அரிக்கும். சந்தேகமாக இருந்தால், மிச்சம் கிடக்கும் மார்பிள் துண்டில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் மங்கிவிடும். விட்ரிஃபைடு டைல்ஸ் தாங்கும் என்பார்கள். டைல்ஸ் தாங்கும், இடுக்கில் அடைத்த சிமெண்டு தாங்காது. ஆசிட் ஆவியில் புதுக் குழாய்களும் கதவுக் கீல்களும் கறுத்துப்போகும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய குளியலறையில் அது ஆளையே கொல்லும்.

சாந்து சிந்திய அன்றே பார்த்துவிட்டால் வேலை சுலபம். சர்க்கரைத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள், சர்க்கரை சிமெண்டை இறுக விடாது. வேலை தொடங்கும் முன்பே குளியலறைத் தண்ணீர் வெளியேறும் நஹானியைச் சாக்கால் அடைத்துவிடுங்கள், சாந்துத் தண்ணீர் உள்ளே போய் இறுகினால் தரையை உடைக்க வேண்டிவரும். ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கும் முன் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மணலோடு துடைத்தால் கீறல் விழும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது. வருகிற தையில் பால் காய்ச்சப் போகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள். பெயிண்டர் வேலை முடிக்கும் நாளுக்கும் பால் காய்ச்சும் நாளுக்கும் நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள். அவசரம்தான் ஆசிட் கேனைத் தூக்க வைக்கிறது. வீட்டைக் கூட்டிப் பெருக்க வரும் சித்தாள் பெண்களுக்கு, கூலியோடு ஆளுக்கொரு என்95 முகக்கவசமும் கையுறையும் உங்கள் செலவில் வாங்கிக் கொடுங்கள்.