பெட்ரோல் காரா? பேட்டரி காரா?



போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கணவர் இங்கே பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டுகிறார். பத்து வருடமாக அடுத்தவர் காரைத்தான் ஓட்டுகிறார். இப்போது கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு கார் எடுக்க நினைக்கிறார்கள். "பேட்டரி கார் எடுத்தால் பெட்ரோல் செலவே இல்லை என்கிறார்களே, எடுக்கலாமா? கடன் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். போன தடவை கைநாட்டு வைத்தேன். இந்தத் தடவை விஷயம் தெரிந்துகொண்டுதான் போடுவேன்" என்றார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கணக்குப் போடத் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரியும். எனவே இன்று இதைப் பற்றியே பேசலாம். நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி கார் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம்பர் பலகையைப் பாருங்கள். பலகை பச்சையாக இருந்தால் அது பேட்டரி வண்டி. பச்சையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த உபயோகம். பச்சையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. நாளைக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எண்ணிப் பாருங்கள். எழுத்தும் படித்த மாதிரி இருக்கும்.

இது நேற்று வந்த பொருள் என்று நினைக்காதீர்கள். நம் பெங்களூரிலேயே 2001-ஆம் ஆண்டில் 'ரேவா' என்ற சின்ன பேட்டரி கார் விற்பனைக்கு வந்தது. இரண்டே கதவு. பொம்மைக் கார் போல இருக்கும். அதில் ஈய பேட்டரிதான் இருந்தது. ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் என்றார்கள். இப்போது வரும் கார்களில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. செல்போனில் இருக்கிறதே, அந்த வகைதான். ஆனால் மிகப் பெரியது. காரின் அடிப்பாகத்தில் படுக்க வைத்திருப்பார்கள்.

பெட்ரோல் காரில் எஞ்சின் உண்டு. பெட்ரோல் உள்ளே எரிகிறது. அந்தச் சக்தியில் சக்கரம் சுற்றுகிறது. பாதிக்கு மேல் சூடாகவே வீணாகிறது. பேட்டரி காரில் எஞ்சின் இல்லை, மோட்டார் இருக்கிறது. நம் வீட்டு மிக்சியில் இருப்பதும் மோட்டார்தான். கிளட்ச் இல்லை. எஞ்சின் ஆயில் மாற்றும் வேலை இல்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே கொஞ்சம் மின்சாரம் தயாரித்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். சில்க் போர்டு சந்திப்பில் அரை மணி நேரம் நின்றால் பெட்ரோல் கார் நின்றபடியே பெட்ரோல் குடிக்கும். பேட்டரி காரின் மோட்டார் சும்மா இருக்கும். ஏ.சி. போட்டால் மட்டும் பேட்டரி செலவாகும்.

புகை? வண்டியிலிருந்து புகை வராது. ஆனால் மின்சாரம் வானத்திலிருந்து விழுவதில்லை. இந்தியாவில் பாதிக்கு மேற்பட்ட மின்சாரம் இன்னும் நிலக்கரியை எரித்துத்தான் கிடைக்கிறது. தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில் இருப்பது போன்ற சூரிய மின் நிலையங்கள் பெருகப் பெருக அந்தப் புகையும் குறையும்.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம்.

பெட்ரோலை லிட்டரில் அளக்கிறோம். மின்சாரத்தை யூனிட்டில் அளக்கிறோம். பழைய 100 வாட் குண்டு பல்பு 10 மணி நேரம் எரிந்தால் 1 யூனிட். சின்ன பேட்டரி கார் ஒன்றின் பேட்டரி 24 யூனிட் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாகும். அதையும் சேர்த்தால், 100 கிலோமீட்டர் ஓட சுமார் 15 யூனிட் வேண்டும்.

கணக்கைப் போடுங்கள். யூனிட் 8 ரூபாய் என்றால் 15 யூனிட்டுக்கு 120 ரூபாய். பெட்ரோல் கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால், 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 500 ரூபாய். மிச்சம் எவ்வளவு? 380 ரூபாய்.

விலை மாறினால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

380 ரூபாய் மிச்சம் என்றதும் எல்லோர் முகமும் மலர்கிறது. கொஞ்சம் பொறுங்கள். பேட்டரி காரின் விலை அதிகம். அரசாங்கம் 2019 ஆகஸ்டிலேயே பேட்டரி வண்டிக்கான ஜி.எஸ்.டி. வரியை 5 சதவீதமாகக் குறைத்தது. சின்ன பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பரில்தான் 28 சதவீதம் 18 ஆனது. அப்படியும் பேட்டரி கார்தான் விலை கூடுதல். நம் கணக்குக்கு 3 லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவர் தினமும் 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டுகிறார். மாதம் 9,500 ரூபாய் மிச்சம். 3 லட்சத்தை எடுக்க ஏறக்குறைய 32 மாதம் ஆகும். இன்னொருவர் ஆபீஸுக்குப் போய் வர தினமும் 20 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார். அவருக்கு மாதம் 1,900 ரூபாய்தான் மிச்சம். 3 லட்சத்தை எடுக்க 13 வருடம் ஆகும்! வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. அதாவது, அதிகம் ஓட்டுகிறவருக்குத்தான் பேட்டரி கார் லாபம். வீட்டில் சும்மா நிறுத்தி வைத்தால் பெருமைதான் மிஞ்சும்.

அப்படியானால் வாடகைக் கார் ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? அதுவும் இல்லை. ராத்திரி கார் எங்கே நிற்கும்? இதுதான் பெரிய கேள்வி.

யூனிட் 8 ரூபாய் என்றது வீட்டு மின்சாரம். வெளியே, வேகமாக ஏற்றும் சார்ஜிங் நிலையத்தில் விலை கூடுதல். 20 ரூபாய் என்று வையுங்கள். 15 யூனிட்டுக்கு 300 ரூபாய். 9,500 ரூபாய் மிச்சம் 5,000 ஆகிவிடும். 32 மாதம் 60 மாதம் ஆகிவிடும். கார் அதேதான், ஓட்டமும் அதேதான். நிற்கும் இடம்தான் வேறு.

வீட்டில் ஏற்ற என்ன வேண்டும்? பெரிய ஓட்டை உள்ள 15 ஆம்பியர் பிளக் போதும். மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். 24 யூனிட் பேட்டரி காலியாக இருந்தால் எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் செருகினால் காலையில் நிறைந்திருக்கும். வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே சார்ஜ் ஏற்றலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது.

ஆனால் உங்கள் கரண்ட் பில்லைப் பாருங்கள். அதில் 'லோடு' என்ற இடத்தில் இத்தனை கிலோவாட் என்று போட்டிருக்கும். சின்ன வாடகை வீடுகளில் 1 அல்லது 2 இருக்கும். காருக்கு மட்டுமே 3 வேண்டும். லோடு கூட்ட மின்சார ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவார் என்பதையும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சு கார் வாங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

இன்னொன்று. மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்டு, தெருவில் நிற்கும் காருக்குச் சார்ஜ் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வேண்டாம். இத்தனை மணி நேரம் இத்தனை மின்சாரம் ஓடினால் மெல்லிய வயர் உருகும், தீப்பிடிக்கும். மழையில் குழந்தைகள் மிதித்தால் என்ன ஆகும்? எர்த் உள்ள தனி லைன், தனி சுவிட்ச், நல்ல எலக்ட்ரீஷியன். இதில் காசைப் பார்க்காதீர்கள்.

அடுத்தது தூரம். கம்பெனி 300 கிலோமீட்டர் என்று சொன்னால் 200 என்று மனதில் வையுங்கள். நெரிசல், மேடு, ஏ.சி., நான்கு ஆள் பாரம் எல்லாம் சேர்ந்தால் அப்படித்தான் வரும். மெஜஸ்டிக்கிலிருந்து விமான நிலையம் சுமார் 35 கிலோமீட்டர். போய் வர 70. இரண்டு தடவை போனால் 140. மூன்றாவது சவாரிக்கு மீதி போதாது. நிலையத்தில் சார்ஜ் ஏற்ற வேண்டும். பெட்ரோல் போட ஐந்து நிமிடம் போதும். இதற்கு வேகமான இயந்திரத்திலும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். முன்னால் இரண்டு கார் நின்றால் ஒரு சவாரியே போய்விடும். 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாகத்தான் ஏறும். எனவே அனுபவசாலிகள் 80-லேயே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

கடைசியாக பேட்டரி. காரிலேயே விலை உயர்ந்த பொருள் இதுதான். பல கார்களுக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுக்கிறார்கள். 'அல்லது' என்ற சொல்லைக் கோடு போட்டுப் படியுங்கள். எது முதலில் வருகிறதோ, அத்துடன் வாரண்டி முடிந்தது. மாதம் 2,500 கிலோமீட்டர் என்றால் வருடத்துக்கு 30,000. 1,60,000 எத்தனை வருடத்தில் வரும்? ஐந்து வருடம் நான்கு மாதம். ஐந்து வருடக் கடன் முடிந்த நான்காவது மாதம் வாரண்டியும் முடிகிறது. வாடகை ஓட்டத்துக்குத் தனி நிபந்தனை இருக்கிறதா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய பேட்டரி கார் மலிவாக வருகிறது என்றால், வாரண்டியில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் மீதி என்று முதலில் பாருங்கள்.

நாளைக்கு வரும்போது அவரவர் வீட்டுக் கரண்ட் பில்லைக் கொண்டுவாருங்கள். கார் வாங்காதவர்களும் கொண்டுவரலாம். லோடு எங்கே போட்டிருக்கிறது, யூனிட் என்ன விலை விழுகிறது என்று சேர்ந்து தேடுவோம்.