காட்டுக் காப்பியும் நம் தோட்டங்களும்



பேராக்கில் வளர்ந்த நமக்குப் பால்மரம் புதியதன்று. ஆயினும், இரப்பர் ஓங்குவதற்கு முன் மலாயாவில் காப்பித் தோட்டங்கள் இருந்தன என்பதை நம்முள் பலர் அறியோம். காப்பியின் தாயகமான காட்டைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

அரபிக்கா காப்பி, எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில் நெடுமரங்களின் நிழலில் தானே வளரும் சிறுமரம். அக்காட்டில் ஒரு செடி மற்றொன்றைப் போல் இராது. ஒன்று நோயைத் தாங்கும், மற்றொன்று வறட்சியைத் தாங்கும். ஆனால், உலகெங்கும் பரவிய தோட்டப் பயிரோ யேமன் வழியாக வெளியேறிய சில விதைகளின் வழித்தோன்றலே. ஒரே சாயலுடைய பயிரை ஒரு நோய் தாக்கினால் அனைத்தும் சாயும்.

அவ்வாறே நிகழ்ந்தது. 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அங்குக் காப்பித் தொழில் வீழ்ந்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. காப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழர் வாழ்வும் அதனோடு திசைமாறியது. இலங்கைத் துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து காப்பி பயிரிட்டனர். 1890களில் பிரேசிலின் மிகை விளைச்சலால் விலை சரிந்தபோது இரப்பர் முன்னுக்கு வந்தது.

அந்த இரப்பரும் அதே கதைதான். 1876இல் அமேசான் காட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட விதைகளின் வழிவந்த கன்றுகளே 1877இல் கோலகங்சாரில் நடப்பட்டன. அமேசானில் இரப்பரை வாட்டும் இலைக்கருகல் நோயை இன்றும் நம் நாடு அஞ்சியே காத்து வருகிறது.

நோய் வந்தபின் மீட்சி எங்கிருந்து வரும்? 1927இல் தீமோர்த் தீவில், அரபிக்காவும் ரொபஸ்டாவும் இயற்கையாகக் கலந்த ஒரு செடி கண்டறியப்பட்டது. துருவை எதிர்க்கும் இன்றைய வகைகள் பலவற்றுக்கு அதுவே மூதாதை. உறவினச் செடிகள் இல்லையேல் அம்மீட்சி இல்லை.

இன்று அவ்வுறவுகள் அழிவின் விளிம்பில் உள்ளன. 124 காட்டுக் காப்பியினங்களுள் ஏறத்தாழ 60 விழுக்காடு அழியும் இடரில் உள்ளன என்று 2019இல் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் உரைத்தனர். நெல்விதையைப் போல் காப்பி விதையை உலர்த்திக் குளிரில் நெடுங்காலம் வைக்க இயலாது. அது உயிர்ப்பை இழக்கும். எனவே, உயிருள்ள காடே அதற்கு விதைக்களஞ்சியம். எத்தியோப்பியாவின் காபா, யாயு ஆகிய காடுகள் 2010இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகங்களாயின. அங்கே காட்டுக் காப்பியைப் பறித்து வாழும் மக்களுக்கு உரிய விலை கிடைத்தால், காட்டை வெட்டுவதினும் காப்பதே அவர்க்கு ஊதியமாகும்.

மாணவர்களே, நம் பெலும் மழைக்காட்டை வெறும் மரக்கூட்டமாகக் காணாதீர்கள். தோட்டத்தில் பாடுபட்ட நம் தாத்தா பாட்டியரின் வாழ்வு, தொலைதூரத்துக் காடுகளிலிருந்து வந்த விதைகளோடு பிணைந்திருந்தது. நாளை எவர் வாழ்வுக்கோ வேண்டிய விதை நம் காட்டில் இருக்கலாம். அதைக் காப்பது நம் கடன்.