தச்சுக் கல்வி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளை தேர்வில் தவறிவிட்டால், “உளி பிடிக்கத்தான் நீ தகுதி” என்று ஏசும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் மாயவில்லை. அவ்வாறு ஏசும் வீட்டிலேயே அலமாரிக் கதவொன்று பிளந்து நிற்கும். ஏன் பிளந்தது என்று வினவினால் விடை கூறுவார் இல்லை. அவ்விடையிலிருந்தே தொடங்குவோம்.

மரம் வெட்டுண்ட பின்னும் காற்றின் ஈரத்தை ஏற்பதும் விடுவதுமாகவே இருக்கிறது. ஏற்கையில் பருக்கும், விடுகையில் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். குறுக்குவாக்கில்தான் தொல்லை. அங்கும், நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்கும். கடற்காற்றுப் படும் சென்னையில் செய்வித்துச் சீர்வரிசையாகக் கொணர்ந்த பெட்டி, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் பங்குனி வறட்சியில் வாய் பிளப்பது இதனாலேதான். கண்ணேறு அன்று! பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் பசையிடாது சற்றே தளர நிறுத்தினால், அது சுருங்கவும் பருக்கவும் இடம் கிடைக்கும். நம் தச்சர்கள் இதை நன்கு அறிவர். ஆயினும் அவ்வறிவு பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது; பிறர்க்கு அவ்வாயில் திறக்கவில்லை.

இன்று அவ்வாயில் இந்நகரிலேயே திறந்திருக்கிறது. மல்லேசுவரம் 18ஆம் குறுக்குத் தெருவிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், 1938இல் மைசூர்ச் சமஸ்தானத்தின் வன ஆராய்ச்சிக் கூடமாகத் தோன்றி, 1956இல் நடுவணரசின்பாற் சென்று, 1988இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அதன் உயர்நிலை மரவேலைப் பயிற்சி மையத்தில், அறுப்பது முதல் மெருகூட்டுவது வரை பொறிகளைக்கொண்டு குறுகிய காலத்தில் பயிற்றுகின்றனர். கணிப்பொறி செலுத்தும் பொறிகளும் அங்கு உண்டு.

குறுகிய காலமென்றால் எளிதென்று எண்ணவேண்டா. மரவேலையில் முதற்பாடம் நாற்காலி அன்று, உளியைத் தீட்டுவதே. பின்னர் இழைப்புளியால் ஒரு முகத்தைச் சமனாக்கி, மூலைமட்டம் வைத்து அடுத்த முகத்தைச் செங்குத்தாக்க வேண்டும். கழுந்து துளைக்குள் கைக்கு அடங்கிய அழுத்தத்தில் இறங்க வேண்டும். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்து இறக்கினால் துளை பிளக்கும். ஈரத்தை அளக்கும் கருவியும் உண்டு. பச்சை மரத்தில் ஈரம் நூற்றுக்கு 50ஐயும் கடக்கும். மேசை, நாற்காலிக்கு அது 12க்கு மிகாதிருத்தல் நன்று. சில வாரங்களில் எவரும் கைதேர்ந்த தச்சராகிவிடார். நமது கருத்தில், பயிற்சி முடிந்தபின் முதிய தச்சர் ஒருவரிடம் ஓராண்டேனும் இருப்பது இன்றியமையாதது. மரத்தின் ஓட்டத்தைக் கண்ணால் கண்டு பலகையைத் திருப்பி வைக்கும் பழக்கம் பொறியிடம் கிடைப்பதன்று. பெண்மக்களையும் அனுப்புங்கள், இன்றைய பொறிகள் தோள்வலிமையைவிடக் கவனத்தையே மிகுதியும் கேட்கின்றன.

மற்றொன்று. இங்கு மரக்கடைக்குச் செல்லும் பிள்ளை கன்னடப் பெயர்களையும் அறிந்திருத்தல் வேண்டும். ‘ஹொன்னெ’ என்பது நம் வேங்கையே. சன்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடைகின்ற ‘ஹாலெ’ மரம், நம்மூர் வேலியோரத்து வெட்பாலையே.