நேர்த்திக்கடனும் அம்மாவின் பாதமும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் என்ற முறையில் பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டது. தலைப்பை விட்டு விலகாமல், நாங்கள் போன ஒரு பாதயாத்திரையைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறோம். 'நாங்கள்' என்பது அக்காவும் தங்கையும். இருவரும் இப்பள்ளியின் பிள்ளைகள். அழைத்துச் சென்றது எங்கள் அம்மாவை. அவரும் இங்கே படித்தவர்தான், முன்வரிசையில் இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை இங்குள்ள பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கொட்டும் மழையில், சனத்தோடு சனமாக, நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். தங்கைக்குக் காய்ச்சல். அடி எடுத்து வைக்க இடமில்லாத அந்தப் பாலத்தில் நின்றபடி அம்மா ஒரு ரூபாய்க் குற்றியைச் சேலைத் தலைப்பில் முடிந்தார். "பிள்ளையளைக் கரை சேர்த்துவிடு முருகா, கதிர்காமத்துக்கு நடந்து வாறன்" என்பது நேர்த்தி. சாவகச்சேரியில் அந்தக் குற்றி மஞ்சள் துணிக்கு மாறியது. பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சுவாமி அறையிலேயே இருந்தது. போர், இடப்பெயர்வு, எங்கள் படிப்பு, அப்பாவின் நோய் என்று ஒவ்வொன்றாக வந்து நேர்த்தியைத் தள்ளிப்போட்டன. கடைசியில் நடக்கத் தீர்மானித்தபோது அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. நீரிழிவு வந்து பதினைந்து ஆண்டுகள்.

ஆறு மாதம் முன்பே ஆயத்தத்தைத் தொடங்கினோம். முதலில் பாதத்தைச் சோதித்தோம். பத்துக் கிராம் அழுத்தம் தரும் நைலோன் இழையால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கும் எளிய சோதனை அது. பெருவிரலின் அடியில் தொட்டது அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்போதே நாங்கள் பயந்தோம். வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்று அம்மா நின்றார். சுடுமணலும் நண்பகல் கோயில் வீதியும் உணர்ச்சி குறைந்த பாதத்தைச் சுட்டாலும் தெரியாது என்று சொல்லி, சப்பாத்துக்குச் சம்மதிக்க வைத்தோம். இரண்டு மாதம் அதைப் போட்டுப் பழக்கி, விடியற்காலையில் முற்றவெளியைச் சுற்றி நடந்து, தூரத்தை மெல்ல மெல்லக் கூட்டினோம். நடையோடு குளுசையும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மிஞ்சிக் குறையலாம். ஆகவே கிளினிக் வைத்தியரோடு பேசி அளவை மாற்றினோம். பையில் குளுக்கோஸ், ஜீவனிப் பக்கற்றுகள், பொரிமா, புழுக்கொடியல்.

முழு யாத்திரை தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகப் போகும். அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் வேண்டும். எங்களுக்குக் கிடைத்த லீவு இரண்டு கிழமை. எனவே சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, திருக்கோவில்வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்தோம். அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்கு முன் நிறுத்துவோம். வெயில் தாழ்ந்ததும் மீண்டும் நடை. பாதையில் எல்லோரும் எல்லோருக்கும் 'சாமி'தான். வழிநெடுக அன்னதானம். அக்கரைப்பற்றுக்குத் தெற்கே கடற்காற்றோடு நடந்த அந்த நாட்களில் அம்மா பாடிக்கொண்டே வந்தார். அப்படி அவர் பாடி நாங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டதில்லை.

காலையும் மாலையும் அம்மாவின் பாதத்தை நாங்களே பார்ப்பது என்பது கட்டளை. பாணமையில் அதைத் தவறவிட்டோம். இருட்டிவிட்டது, களைப்பு. அம்மா தானே காலைக் கழுவி, "நான் பாத்திட்டன், ஒண்டுமில்லை, நோகேல்லை" என்றார். நாங்களும் படுத்துவிட்டோம்.

மறுநாள் உகந்தையில் அவருடைய காலுறையைக் கழற்றியபோது ஈரம். பெருவிரலின் அடியில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது, உள்ளே மணல். கால் நோகவில்லை என்று அம்மா சொன்னது பொய்யல்ல. நோகாததுதான் நோய். எத்தனையோ நோயாளிகளுக்கு இதை விளக்கியிருக்கிறோம். சொந்த அம்மா சொன்னபோது நம்பிவிட்டோம்.

உகந்தைக்கு அப்பால் காடு. குமுக்கன் ஆற்றைக் கடந்து, வியாழை, கட்டகாமம் என்று ஐந்து நாள் அளவு நடக்க வேண்டும். அந்தப் பாதையில் புண்ணுக்கு மருந்து கட்டலாம். ஆனால் ஓய்வு கொடுக்க முடியாது. நீரிழிவுப் பாதப் புண்ணுக்கு முதல் மருந்தே அதன்மேல் பாரம் ஏற்றாமல் இருப்பதுதான். நாங்கள் இதைச் சொன்னதும் அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் நடந்து வாறன் எண்டுதான் சொன்னனான். பஸ்ஸிலை வாறன் எண்டு சொல்லேல்லை" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. எங்களுடைய உயிருக்காக வைத்த நேர்த்தியை நாங்களே மறிக்கிறோம் என்பது நெஞ்சில் குத்தியது.

பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த மட்டக்களப்பு அம்மா ஒருவர் பல வருடமாக நடப்பவர். அவர் திரும்பிப் பார்த்து, "கால் இருந்தாத்தானே சாமி அடுத்த வருசமும் வரலாம்" என்றார். வைத்தியம் படித்த நாங்கள் சொல்லி ஏறாதது, அவர் சொன்னதும் ஏறியது. அம்மா மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

நாங்கள் திரும்பிப் பொத்துவில் வந்து காயத்துக்கு வைத்தியம் செய்துகொண்டு, மொனராகலை, புத்தளை வழியாகப் பஸ்ஸில் கதிர்காமம் போனோம். சொன்ன நாளில் அந்த அம்மா காட்டிலிருந்து வெளியே வந்து, மாணிக்க கங்கைக் கரையில் முடிச்சை அப்படியே திருப்பித் தந்தார். அம்மா ஆற்றில் இறங்கவில்லை. தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலோடு எங்கள் தோள்களைப் பிடித்தபடி மெல்லப் போய், குற்றியை உண்டியலில் சேர்த்தார்.

புண் ஆற ஏழு கிழமை எடுத்தது. விரல் தப்பியது. நேர்த்தி தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், "பாதி" என்கிறார் அம்மா. நாங்கள் விவாதிப்பதில்லை.

அன்பான சகோதரிகளே, எங்களில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறோம். தினமும் வீடியோவில் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறோம். "சுகமா?" என்று கேட்டால், "எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை" என்பதுதான் பதில். எத்தனையோ கஷ்டங்களை அந்த ஒரு வார்த்தையால் மூடி எங்களைப் படிக்க வைத்த தலைமுறை அது. அந்த வார்த்தையை மதியுங்கள். ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அடுத்தமுறை கதைக்கும்போது, "அம்மா, உள்ளங்காலை ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேளுங்கள். நீரிழிவு உள்ளவர் என்றால் ஒவ்வொரு நாளும் யாராவது பார்க்க வேண்டும். புண் சின்னதாக இருந்தாலும், நோகாவிட்டாலும், அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

உங்களுடைய பாதங்களையும் பாருங்கள். எங்களுக்கும் இப்போது நாற்பது கடந்துவிட்டது.