எண்ணூர்க் கரையில் வீடு



வீடு கட்டப் புகுவோர் முதலில் எண்ணுவது எத்தனை மாடி, முகப்பில் என்ன அலங்காரம் என்பதையே. இந்த எண்ணூர்க் கரையில் முதற்கண் கேட்கவேண்டுவன வேறு. இவ்வீடு உப்புக்காற்றை எத்தனை ஆண்டு தாங்கும்? வலையை எங்கே உலர்த்துவது?

ஓலைக் குடிசையைப் புகழ நான் வரவில்லை. தீயும் புயலும் அதனை விட்டுவைப்பதில்லை. ஆயினும் அதன் தாழ்ந்த இறவாரம் வெயிலையும் சாரலையும் தடுத்தது. திண்ணை, வலை பின்னுவோருக்கு இருக்கையாயிற்று. காரியமில்லாத உறுப்பு அதில் ஒன்றுமில்லை. கல்வீடு கட்டிய முன்னோரும் அவ்வாறே செய்தனர். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்னும் பழைய தளத்தில் தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்தனர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டு இடித்து, ஓடு பாவினர். கம்பியில்லாத அத்தளத்தில் துருவுக்கு இடமேது?

இப்போது எங்கும் கான்கிரீட்டே. அது நல்ல பொருளே. ஆனால் கடலோரத்தில் உப்பு அதனுள் மெல்ல ஊறிக் கம்பியை அடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கழுவாத கடல்மணலைக் கலந்தாலோ, உப்பை நாமே உள்ளே வைத்துக் கட்டியவராகிறோம்! கடற்கரைக் காற்றுக்கு ஆளாகும் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கவேண்டுமென்பது இந்தியத் தர விதி. ஒரு விரற்கனம் போதுமென்று விட்டுவிடுவோரே மிகுதி. முகப்பு வேலைப்பாட்டுக்குச் செலவிடும் பணத்தில் சிறு பகுதி இதற்குப் போதுமானது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்துபோனபின், அருகிலுள்ள எர்ணாவூரில் அடுக்கு வீடுகள் எழுந்தன. வீடிழந்தோருக்குக் கூரை கிடைத்தது; அதைக் குறைகூறலாகாது. ஆனால் மாடியில் குடியேறிய மீனவர் வலையையும் கூடையையும் எங்கே வைப்பார்? வரைபடம் எழுதியவர் அவரிடம் இதைக் கேட்டிருக்கவேண்டும்.

1917இல் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் அவ்வாறு கேட்டுக் கட்டியவர். ஐந்து மைல் சுற்றுக்குள் கிடைக்கும் பொருளால் வீடு கட்டவேண்டுமென்ற காந்தியடிகளின் கருத்து அவரைப் பற்றிக்கொண்டது. செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் சுவரால் ஏறக்குறைய காற்பங்கு செங்கல் மிச்சமாயிற்று, வெப்பமும் குறைந்தது. அவர் பூசாது விட்ட சுவரைப் பார்த்து இங்கும் அப்படியே விட்டால், உப்பு செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். அவருடைய கேள்வியைக் கற்கலாம்; சுவரைப் பெயர்த்துக்கொண்டு வரலாகாது.

ஆகவே, அடுத்த மாதம் தளம் போட இருப்போர், கான்கிரீட் கொட்டுமுன் கொத்தனாரை அழைத்து, கம்பிக்குக் கீழே ‘கவர் பிளாக்’ வைத்திருக்கிறாரா என்று குனிந்து பாருங்கள். கொட்டியபின் பார்க்க இயலாது.