லென்ஸ் வாங்கும் முன்
(புகைப்படத் தொழில் பயிலும் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)

 

"கேமரா வாங்கியாச்சு, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று பலரும் கேட்கிறீர்கள். அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் அது. கடையில் எண்ணிக் கொடுக்கும் முன் இதைக் கேளுங்கள்.

செகண்ட்ஹேண்டில் கிடைக்கும் நிக்கான் டி3500, டி5600 கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று பழைய '50 எம்எம் 1.8 டி' லென்ஸை வாங்கினால் பொருந்தும், படமும் எடுக்கும். ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. லென்ஸின் மேல் 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று இருக்கிறதா பாருங்கள்.

வாங்கியே விட்டீர்களா? வீணில்லை. வளையத்தைக் கையால் திருப்புங்கள். வ்யூஃபைண்டருக்குள் பச்சைப் புள்ளி நிலையாக எரிந்தால் ஃபோகஸ் சரி. 1985இல் மினோல்டா 7000 வரும்வரை எஸ்எல்ஆர் வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இப்படித் திருப்பித்தான் கல்யாணம் எடுத்தார்கள்.

ஆட்டோஃபோகஸைக் குறை சொல்ல வரவில்லை. ஓடுகிற குழந்தையைப் பிடிக்க அதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் அதற்கு வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்பு வேண்டும். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, பின்னால் சுண்ணாம்புச் சுவர் என்றால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே நிற்கும். கல்வராயன் மலையில் மூடுபனி இறங்கினாலும் இதே கதைதான். மாப்பிள்ளை முகத்தில் பூச்சரம் தொங்கினால் பூவைப் பிடித்துக்கொண்டு முகத்தை விட்டுவிடும்.

நிக்காஹ் தஃப்தரில் கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? "இன்னொரு தடவை போடுங்க மாப்பிள்ளை" என்று சொல்ல முடியுமா? அதனால் அவர் உட்கார்ந்ததுமே கண்ணில் ஆட்டோஃபோகஸ் வைத்துவிட்டு, லென்ஸ் பொத்தானை 'எம்'முக்குத் தள்ளிவிடுங்கள். (ஏஎஃப்-பி லென்ஸ் சிலவற்றில் அந்தப் பொத்தான் இருக்காது, மெனுவில் மாற்ற வேண்டும்.) பிறகு நீங்கள் இடம் மாறக் கூடாது, ஜூமையும் தொடக் கூடாது. அப்பர்ச்சரை 5.6க்கு வைத்தால் அவர் கொஞ்சம் குனிந்தாலும் தாங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நடுவில் வந்து நின்றாலும் லென்ஸ் அவர்கள் பின்னால் ஓடாது!

இன்று வீட்டில் அத்தாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுச் சுவரோரம் உட்காரவைத்து, இரண்டு முறையிலும் பத்துப் பத்துப் படம் எடுங்கள். மங்கலானதையும் அழிக்காமல் அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.